உன் அண்ணனுக்கு நான் அனுப்பிய பேய்

என் உயிர் நிரோவுக்கு,

நீ பேயாக வருவாய் என்றுதான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு விசுவமடுவிலிருந்து தனியாகத்தான் வருகிறேன். உனக்கு ஏற வசதியாக இருக்கட்டும் என்று மோட்டார் சைக்கிளைக்கூட மெதுவாக ஓட்டுகிறேன். ஒரு நாளாவது பின்னால் ஏறி இருந்தாயா? செத்த பிறகும் அப்படி என்ன பஞ்சி உனக்கு, சோம்பேறி?

"இவ்வளவு சனம் செத்த மண்ணில பேய் எண்டு ஒண்டு இருந்தா, எங்களுக்கு நடக்க இடம் கிடைக்குமோடா?" என்று நீதான் கேட்பாய். கேட்டுவிட்டு அன்றைக்கே இன்னொரு பேய்க்கதை எழுதித் தருவாய். என் போன் திருத்தும் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு, நம் யூடியூப் சனலுக்காக நான் அதை வாசித்துப் பதிவு செய்வேன். நீ தரையில் இருந்து என் காலில் சாய்ந்துகொண்டு, சிரிப்பு வரும் இடத்தில் வாயைப் பொத்திக்கொள்வாய்.

அக்கராயன் குளக்கட்டில் குடியிருக்கும் உன்னுடைய இரண்டு ஆண் பேய்களை எல்லோருக்கும் பிடித்தது. அதுகள் யாரையும் கொல்லாது. பாலைப்பழம் பொறுக்கும், இன்றைக்கு யார் போய்ப் பயமுறுத்துவது என்று சண்டை பிடிக்கும், பிறகு ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கும். "உயிரோட இருக்கிறதுகளைத்தான் விடமாட்டாங்கள். பேயாவது சேர்ந்து இருக்கட்டும்" என்றாய். அந்தப் பேய்கள் நாங்கள் இரண்டு பேரும்தான் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. உன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். நாலு அடி அடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, உன்னை மோகினி பிடித்திருக்கிறது, அதுதான் ஆம்பிளையைத் தேடிப் போகிறாய் என்று சொல்லி, கழிப்புக் கழித்துப் பேயோட்ட ஒருவனைக் கூட்டிவந்தான். அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அறையைப் பூட்டி, உன் முகத்துக்கு நேரே மிளகாய்ப் புகை போட்டார்கள். சின்ன வயதிலிருந்தே உனக்கு முட்டு வருத்தம் என்பது கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா? மூச்சு இழுக்கும்போது நீ வாயில் வைத்து அடிக்கும் பம்ப் எங்கே போனது? செத்த வீட்டில் உன் அண்ணி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அது என்ர மனிசன்ர சேர்ட்டுப் பொக்கற்றுக்குள்ளதான் இருந்தது. பேய் போகட்டும், பிறகு குடுப்பம் எண்டு வச்சிருந்தவர்."

உனக்கு வாய்க்கரிசி போட வந்த என்னை, "கூட்டாளிமார் தள்ளி நில்லுங்கோ" என்று தடுத்தவனும் அவன்தான்.

அதையும் விடு. பிறகு அவன் ஊருக்குச் சொன்ன கதைதான் எனக்கு ஆறவில்லை. மோகினி அடித்துச் செத்தவன், ஆவி அலையும், வீட்டுக்குள் விடக்கூடாது என்றான். அம்மா நம்பிவிட்டார். நீ வந்துவிடக்கூடாது என்று வாசலில் வேப்பிலை கட்டினார். உன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பெற்ற தாயையே உனக்குப் பயப்பட வைத்துவிட்டான், நிரோ. இதை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன்.

நீ வரவில்லை. அதனால் உன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு உன்னைப் போல எழுத வராது; ஆனால் கோபம் இருந்தால் எழுத்து தானாக வந்துவிடுகிறது. நம் சனலில் வாராவாரம் ஒரே கதைதான். புகையில் செத்த தம்பி, அண்ணனைத் தேடி வருகிறான். அவன் தாயின் பக்கமே போக மாட்டான். அண்ணன் போகும் இடமெல்லாம் போய், அவனுடைய சேர்ட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டுத் தன் பம்ப்பைத் தேடுவான். யாருக்கும் நான் பெயர் வைக்கவில்லை. இதற்குப் பழிவாங்கல் என்று பெயர் என்றால், ஓம், பழிவாங்கத்தான் வாசிக்கிறேன்.

உங்கள் ஊர் முரசுமோட்டை முழுக்கக் கேட்கிறது. உன் அண்ணன் பொக்கற் வைத்த சேர்ட் போடுவதை விட்டுவிட்டான். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போகிறானாம். கேட்டபோது எனக்குப் பாவமாக இருக்கவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

போன கிழமை கடைக்கு வந்தான். ஆள் பாதியாகிவிட்டான்.

"சீலன், அந்தக் கதையை முடி. அவனுக்கு ஒரு மோட்சத்தைக் குடுத்துவிடு."

"அது சும்மா கதைதானே அண்ணை. நீங்கள் ஏன் பயப்படுறியள்?"

"கையெடுத்துக் கும்பிடுறன். வேணுமெண்டா என்னை அடி. அம்மாக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"பொக்கற்றுக்குள்ள என்ன இருந்தது எண்டு நீங்களே அம்மாட்டச் சொல்லுங்கோ. அண்டைக்கு முடிக்கிறன்."

கும்பிட்ட கையை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

நேற்றுப் பின்னேரம் அடுத்த பகுதியைப் போட்டேன். அதில் தம்பி முதன்முறையாக வீட்டு வாசலுக்கு வருகிறான். பயமுறுத்த இல்லை, ஒரு தேத்தண்ணி குடிக்க. வேப்பிலையைக் கண்டு அங்கேயே நின்றுவிடுகிறான். "அம்மா, எனக்கு ஏன் பயப்படுறீங்கள்? என்னைப் பேய் அடிக்கேல்லை. பம்ப் கிடைக்காமல், மூச்சு விடேலாமல்தான் செத்தனான்" என்கிறான். உன் அண்ணி வேண்டுமென்றே குசினியில் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டாள்.

அம்மா முழுவதையும் கேட்டாராம். எழும்பிப் போய் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தாராம். பிறகு, சோற்றில் கை வைத்தபடி இருந்த உன் அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, "பம்ப் எங்கையடா இருந்தது?" என்று கேட்டாராம். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

இன்று காலை அம்மா அண்ணி மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "அந்தப் பெடியனை வரச் சொல்லு. மிச்சத்தை எங்கட வீட்டு முற்றத்தில இருந்து வாசிக்கட்டும். சொந்தக்காரர் எல்லாரையும் நான் கூப்பிடுறன்."

போகிறேன், நிரோ. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, உன் அண்ணனை எதிரே இருத்திவிட்டு வாசிப்பேன். அவன் கேட்ட மோட்சத்தைக் கொடுக்க மாட்டேன். அன்றைக்குக் கதைக்குப் பெயர்கள் வைப்பேன். முதலில் அவன் பெயர். பிறகு உன் பெயர். அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லி, நான் உனக்கு யார் என்றும் சொல்வேன். கல்லெறிந்தாலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மனிசன்,
சீலன்