குழாய் கேட்கப் போகிறவருக்கு

என்னங்க,

கஞ்சி அடுப்போரம் மூடியிருக்கிறது. வெள்ளனே காப்பிப் பழம் எடுக்கப் போகிறேன். பூட்டிச் சாவியை நிலைமேல் வையுங்கள்.

இன்று தோட்டத்துத் துரையிடம் நம் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்கும்போது, சிலோனிலிருந்து கப்பலேறி வந்த கதையைச் சொல்லி அழாதீர்கள். போன தடவை அழுதீர்கள். அவரும் கண்கலங்கி ஒரு கம்பளியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். "ஓடைத்தண்ணி தூக்கிட்டு வேலைக்கு வர நேரமாகுதுங்க, பழம் உதிருது, நட்டம் ஒங்களுக்குத்தான்" என்று மட்டும் சொல்லுங்கள்.

ராத்திரி இதைச் சொன்னதற்கு, "நீ எந்த மேடையில பேசினவ?" என்றீர்கள். எந்த மேடையிலும் பேசியதில்லை. தண்ணீர் தூக்குகிறவள் நான்.

வேலம்மா

கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

இன்று குடத்தில் தண்ணீர் வைக்கவில்லை. குளிக்க ஓடைக்குப் போய், வரும்போது குடத்தையும் நிறைத்து வாருங்கள். மேடு ஏறி முடிப்பதற்குள் என்ன பேசுவதென்று தெரிந்துவிடும்.