மீதம் இருப்போர்: இல்லை

மாமல்லபுரம்,
9.1.2025

ஷாஜாதிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் இல்லை. நான்கு முறை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை, அதனால் கடிதம்.

புயலன்று என் பள்ளியில் நடந்த முகாமுக்கு நீ அதிகாரி, நான் பொறுப்பாளர். மீனவர் கிருபாகரன் முகாமுக்கு வரவே இல்லை. படகைப் பார்த்துக்கொள்ளக் குப்பத்திலேயே நின்றுவிட்டான். காற்றில் படகு புரண்டு அவன்மேல் விழுந்தது; அங்கேயே செத்துவிட்டான். நீ மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையோ, "முகாமில் மனைவியுடன் தகராறு செய்து, தானாக வெளியேறினார்" என்கிறது. குப்பம் முழுக்க இப்போது இதே பேச்சு. அவன் அம்மா சந்திரம்மா, மருமகள் செங்கம்மாளை வீட்டுக்குள் விடுவதில்லை. "எம் புள்ளய சண்ட போட்டு தொரத்தி வுட்டுட்டு, இங்க இன்னாத்துக்குடி வந்துகினு கீற?" என்று தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறாள். இரண்டு குழந்தைகளுடன் செங்கம்மாள் என் பள்ளியில் ஒரு காலி அறையில் இருக்கிறாள்.

அந்த வரி பொய் என்று எழுதிக் கொடு.

ஹெலன்


செங்கல்பட்டு,
15.1.2025

அன்புள்ள ஹெலன்,

விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இப்படியா எழுதுவது? அம்மா உன்னை விசாரித்தார்கள்.

அன்று மாலை ஐந்தே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டது ஒன்றுதான்: குப்பத்தில் மீதம் இருப்போர் எத்தனை? படகை விட்டு வராத ஏழு ஆண்கள் என்று சொல்லியிருந்தால், அவர்களை ஏற்றும்வரை இரண்டு பேருந்துகளும் அங்கேயே நின்றிருக்கும். அடுத்த குப்பத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள். ரேஷன் கார்டில் இருந்த பெயர்களை எல்லாம் முகாமுக்கு வந்ததாகப் பதிந்து, 'இல்லை' என்று அனுப்பினேன். பேருந்துகள் போயின. நீ வகுப்பறைக்குள் இருந்தாய். நான் மழையில் நின்றேன்.

முகாமில் இருந்தவன் எப்படிக் கடற்கரையில் செத்தான் என்று பிறகு கேட்டார்கள். எதையாவது எழுத வேண்டியிருந்தது. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. குப்பத்துப் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும்.

பதிவேட்டில் இருப்பது உன் கையெழுத்து. அதையும் நினைவில் வை.

உன் ஷாஜாதி


மாமல்லபுரம்,
21.1.2025

ஷாஜாதி,

நினைவிருக்கிறது. வெற்றுப் பக்கங்களை நீட்டினாய். பிறகு நிரப்புவாய் என்று நம்பிப் போட்டேன். வெட்கப்பட வேண்டிய காரியம்.

'இல்லை' என்று நீ அனுப்பியதை நான் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் நானும் அதையே செய்திருக்கலாம். அது பேருந்துகளுக்காக. தகராறு யாருக்காக?

செங்கம்மாளிடம் உன் அறிக்கையைச் சொன்னேன். "நான் சண்டையே போடலியே டீச்சர். போட்டிருந்தாலாச்சும் பஸ்ல ஏறி இருப்பாரு" என்றாள்.

மாதக் கடைசிவரை பார்ப்பேன்.

ஹெலன்


செங்கல்பட்டு,
27.1.2025

அனுப்புநர்: துணை வட்டாட்சியர்
பெறுநர்: தலைமை ஆசிரியர், முகாம் பொறுப்பாளர்

அம்மையீர்,

புயல் முகாம் பதிவேட்டில், நபர்களைச் சரிபார்க்காமல் தாங்கள் கையொப்பமிட்டது தெரியவருகிறது. இது குறித்து மூன்று தினங்களுக்குள் எழுத்துப்பூர்வமான விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

(ஒப்பம்)
அ. ஷாஜாதி


மாமல்லபுரம்,
30.1.2025

ஷாஜாதி,

விளக்கத்தைத் தனியே அனுப்பிவிட்டேன். மூன்றே வரிகள். "வெற்றுப் பக்கங்களில் கையொப்பமிட்டது என் குற்றம். கிருபாகரன் முகாமுக்கு வரவில்லை. வராதவர் அங்கிருந்து வெளியேற முடியாது." நகல் மாவட்ட ஆட்சியருக்கும் போயிருக்கிறது. எனக்கு என்ன தண்டனையோ தெரியாது. உனக்கும் கேள்வி வரும்.

செங்கம்மாளையும் கூட்டிப்போய், இன்னொரு நகலைச் சந்திரம்மாவின் வாசலில் நின்று வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். கிழவி என்னை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்து, "கடசியா எம் புள்ள இன்னா துன்னான்?" என்றாள்.

"கருவாட்டுக் கொழம்பு, அத்த. தூக்குச் சட்டில வச்சிட்டு வந்தேன். பொறவு பாத்தா சட்டி காலி, முழுசும் துன்னுகீறாரு."

சந்திரம்மா வாசலிலிருந்து நகர்ந்து வழி விட்டாள்.

இனி நானாக உனக்கு எழுத மாட்டேன். அலுவலகம் கேட்டால் பதில் வரும்.

ஹெலன்,
தலைமை ஆசிரியர்