துணிக்கட்டில் நிற்காத கை

அன்பு மகன் தோரியாலைக்கு,

இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைத்தான் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஜலாலாபாத்தில் நாரத்தை பூத்துவிட்டது, தெருவெல்லாம் வாசம். உன் தங்கைக்கு ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்.

அன்று போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அப்பா பக்கத்தில் இருந்தார், அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். நீ பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி நீட்டி எறிகிறாய் என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டார், வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனில் கையை அளக்கிறார்கள், தப்பென்று வந்தால் பந்து வீசத் தடை என்றாய். உன் வலது முழங்கையின் வளைவு விழுந்து வந்ததா பிறவியா என்று டாக்டர் கேட்டாராம். பிறவிதான் மகனே. பெஷாவர் அகதி முகாமில் நீ பிறந்ததும் நம் வழக்கப்படி உன்னைத் துணியால் இறுக்கிக் கட்டினேன், இரண்டு கையும் உடம்போடு நேராகப் படிய வேண்டும். இடது கை படிந்தது. வலது கை எப்படி நீட்டிவிட்டாலும் மடங்கியே நின்றது. பக்கத்துக் கூடாரத்து ஷிரினோ அழுத்திப் பார்த்தாள், நீ முகாமே கேட்கக் கத்தினாய். "விடுடீ, வெளியே விட்டே கட்டு. யாரையோ அடிக்கக் கையை ஓங்கிக்கிட்டே வந்திருக்கான்" என்று சிரித்தாள். அப்படியே கட்டினேன். அந்தச் சின்ன முஷ்டி காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி சுட்ட நாட்கள் எனக்கு இன்னும் இனிக்கின்றன.

பிறகு மண்சுவர்ச் சந்தில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்து வந்தது. பையன்கள் உன்னைக் கோணக்கை என்பார்கள், பந்தைத் தொடவிட மாட்டார்கள். ஒருநாள் ஆள் குறைந்ததால் உன்னிடம் கொடுத்தார்கள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பவன் ஒரு பக்கம் மட்டையைச் சுழற்ற, பந்து மறுபக்கம் திரும்பிப் போய் ஸ்டம்புக்குப் பதிலாக வைத்திருந்த எண்ணெய் டின்னில் மோதியது. அடுத்த நாளிலிருந்து "கோணக்கைகிட்ட குடுடா" என்று அவர்களே கெஞ்சினார்கள். ஊர் திரும்பி நீ மாகாண அணிக்குப் போனதும், நாட்டுக்கு ஆடியதும், உன் படத்தை அப்பா ஆட்டோவின் பின்னால் ஒட்டியதும் எல்லாம் அந்தச் சந்திலிருந்து வந்ததுதான்.

அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லி இப்போது பலர் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் ஒருவன் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியவரே, உங்க பையன் பந்து வீசுறானா, கல்லெறியுறானா?" என்றானாம். அப்பா வண்டியை நிறுத்தி, "நீ நடந்து போய்க்கிட்டே யோசி, தெரிஞ்சா வந்து சொல்லு" என்று இறக்கிவிட்டாராம். என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அன்று சாப்பிடவில்லை.

கையை நேராக்கி வீசிப் பழகட்டுமா என்றும் கேட்டாய். ஆட்டத்தில் ஒரு மாதிரி, அளக்கிறவர்கள் முன்னால் ஒரு மாதிரி வீசித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. எப்போதும் வீசுவதுபோலவே வீசு. பிறவியிலேயே மடங்கிய கை வேறு, வீசும்போது மடங்கி நீளும் கை வேறு, அது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை உன் கையும் நீள்கிறது என்று வந்தால் வரட்டும், என்ன செய்வதென்று பிறகு பார்ப்போம். ஆனால் அவர்கள் அளப்பது உன் கையாக இருக்க வேண்டும், பயந்துபோய் நீ செய்து காட்டும் வேறொரு கையாக இருக்கக் கூடாது.

வெறும் வயிற்றோடு போகாதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். மறக்காதே, நல்ல செய்தி என்றால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லி அனுப்பு. மற்றது என்றால் அப்பாவை நீயே கூப்பிட்டுச் சொல், டிவி சொல்லி அவர் கேட்க வேண்டாம்.

உன் அம்மா,
ஸ்பின்கை