உன் ஜேட் மரமும் என் சொம்புத் தண்ணீரும்

இன்று காலை ஹாலைப் பெருக்கும்போது துடைப்பத்தில் ஒரு குண்டு இலை மாட்டியது. உன் ஜேட் மரத்து இலைதான். அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகவே இருந்தது. ஆனாலும் கை தானாகச் சொம்பைத் தேடியது. "அண்ணி!" என்று நீ அதட்டுவது போல இருந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, நாத்தனார் அதட்டலுக்கு நான் இன்னும் பயப்படுகிறேன் பார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதை வாங்கி, தாம்பரம் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த கட்டை, அதில் நாலு இலை. "இது செடியா, விறகா?" என்று கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. கிளைகளை வெட்டிவிட்டு, கம்பி சுற்றி வளைத்து, செங்கல் தூளும் மணலும் போட்ட தட்டையான தொட்டியில் வைத்தாய். மூன்றாம் வருஷம் நம் ஹால் ஜன்னலோரம் முழ உயரத்தில் ஒரு கிழட்டு மரம் நின்றது.

"இலையிலயே தண்ணிய சேர்த்து வெச்சிருக்கும் அண்ணி. இலை சுருங்கினா ஊத்தலாம். அதுவரைக்கும் நாம கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்" என்பாய். எனக்கு அது வருமா? வாசலில் வந்து நிற்கும் நாய்க்கும் இரண்டாம் தடவை சோறு போடுகிறவள் நான்.

முதல் தடவை நோய் வந்து நீ ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தபோது உனக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உன் மரமும் பட்டினி கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வடியும் தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும் என்று தினம் ஒரு சொம்பு ஊற்றினேன். நீ திரும்பி வந்தபோது இலையெல்லாம் உதிர்ந்து, அடிமரம் வெந்த சேப்பங்கிழங்காகக் குழைந்திருந்தது.

"யார் ஊத்தினது?" என்றாய். வீட்டு வேலைக்கு வரும் சரோஜா மேல் கூசாமல் பழியைப் போட்டேன். அவள் விடுவாளா? "இன்னாக்கா இது! அந்த ஜன்னல் பக்கமே நான் போறதில்ல. ஏன் சும்மா என் தலைல கட்டினு கீற?" என்று கத்தினாள். நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். "விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாய். அழுகாத இரண்டு கிளைகளை வெட்டி, செய்தித்தாள் மேல் நாலு நாள் காயப்போட்டாய். "வெட்டின இடம் ஆறணும். அப்புறம்தான் மண்ணு." அதில் ஒன்று பிழைத்தது. இப்போது ஹாலில் நிற்பது அதுதான்.

நோய் திரும்பி வந்தது. கடைசி வாரத்தில் ஒருநாள் நாலாவது தடவையாக ரசம் சாதம் கரைத்து எடுத்துவந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை.

"அன்னிக்கு மரத்துக்கு ஊத்தினது நீங்கதான்னு எனக்குத் தெரியும் அண்ணி. எனக்கும் ஊத்தாதீங்க. பக்கத்துல சும்மா உட்காருங்க, போதும்."

"பால் பொங்குது" என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை. உன் முன்னால் அழக் கூடாது என்று அரை மணி நேரம் சமையலறையிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிப்போயிருந்தாய்.

சரோஜாவிடம் போன மாதம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அது அப்பவே தெரியும்க்கா, வுடு" என்று சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் உன் மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது. இப்போதுதான் எனக்கு உட்கார வருகிறது.