ஆறாயிரத்துக்கு மேல் உள்ளது நம்முடையது

என் பிரியமான அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் உங்கள் காரைத்தான் கிளப்பிப் பார்த்தேன். முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. ஆமாம் அப்பா, நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அரிமளத்திலிருந்து கீரமங்கலம் வரை தனியாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.

பாக்கியத்தக்காவின் பூக்கடையைப் பார்க்கத்தான் போனேன். ஆயுத பூஜையன்று காருக்கு மாலை வாங்கப் போன நீங்கள், வீடு வரும்வரை பொறுக்காமல் அந்தக் கடைவாசலிலேயே மாலையைக் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்களே. பழம் நசுங்கியது. கார் நிற்கவில்லை. நல்லவேளை, ஆள் யாருக்கும் அடியில்லை. ஆனால் ஷட்டர், தராசு, ப்ரீசர், அன்றைக்கு விற்க வைத்திருந்த பூ அத்தனையும் போயின.

இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது, அடுத்தவர் பொருளுக்கு ஆறாயிரம் ரூபாய் வரை போதும் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும் என்றார்கள். “நான் எங்க போயி எதை இடிக்கப்போறேன்?” என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது பாக்கியத்தக்கா போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி ஆறாயிரம்தான் தரும். மிச்சமெல்லாம் வண்டிச் சொந்தக்காரர் தலையில். அவர் போய்விட்டால், அவர் விட்டுப்போன தென்னந்தோப்பின் தலையில். நீங்கள் காலமான பிறகு நம் வக்கீல் இதை விளக்கியபோது உங்கள்மேல் எனக்கு ஏன் கோபமே வரவில்லை?

பாக்கியத்தக்கா இப்போது பெரிய குடை ஒன்றின் கீழே உட்கார்ந்து பூ விற்கிறார். காரைக் கண்டதும் எழுந்து கையை நீட்டினார்.

“தாயி, அங்கிட்டே நிறுத்து. ஒங்கப்பா கிட்டக்க நிறுத்திப் பாத்தாச்சு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

“கடையை எப்பக்கா கட்டுவீங்க?”

“கோர்ட்டு சொல்லட்டும். சொல்றப்ப ஒங்க வீட்டுல எதாச்சும் மிச்சமிருக்குமா?”

அவருக்கு எப்படித் தெரிந்தது? முந்தாநாள்தான் தம்பி போனில் சொன்னான்: “தீர்ப்பு வர்றதுக்குள்ள தோப்பை வித்துப்புடுவோம்க்கா. அப்பறம் அந்தம்மா எதுலேருந்து எடுக்கும்? திங்கக்கெழமை பத்திரத்துல ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்.” பார்ப்போம்டா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

திரும்பும் வழியில் காரை ஒரு புளியமர நிழலில் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை நான் பத்திர ஆபீஸுக்குப் போகப்போவதில்லை. தோப்பு விற்பனைக்கு நான் சம்மதிக்கவில்லை, கடை கட்ட ஆகும் பணத்தை என் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். தம்பிக்குத் தெரியாது. வக்கீலுக்கும் பாக்கியத்தக்காவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன்; இது அச்சில் வரும்போது திங்கட்கிழமை கடந்திருக்கும். அதுவரை நமக்குள் இருக்கட்டும்.

நீங்கள் இருந்திருந்தால் எதைச் செய்திருப்பீர்களோ அதை நான் செய்து முடிப்பேன் அப்பா. பங்கு போகப்போகிறவள் பயப்பட வேண்டாமா? எனக்கென்னவோ எப்போது திங்கட்கிழமை வரும் என்றிருக்கிறது.

உங்கள் மூத்த மகள்,
கலைச்செல்வி