வைகுண்டம் சேராத காய்

கிருஷ்ணமூர்த்திபுரம், மைசூர்
6-9-1953

சிரஞ்சீவி பராசரனுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் சௌக்கியம். லக்னோவில் நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. தேதி போடவில்லை. எழுத்து பாத்திரம் தேய்த்த நாரைப் போல் இருக்கிறது. ரேணுவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, மாமியார் முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கு தசராவுக்கு வரப் பயப்படுகிறாள் என்கிறாய். உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அவளை இன்னும் பார்க்கவே இல்லை. பார்க்காதவளிடம் எந்த முகத்தைக் கொடுப்பது?

நான் மகளிர் சமாஜத்தில் ஹிந்தி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அதற்கும் உன் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. மத்தியானத்தில் பொழுது போகவில்லை.

ஆசிரியை சுலோசனா, காலேஜை இப்போதுதான் முடித்த கன்னடப் பெண். வகுப்பில் விளையாட்டுத்தான். சரியாகச் சொன்னால் தங்கக் காகித நட்சத்திரம் ஒட்டுகிறாள். என் கான்வென்டில் சிஸ்டர் நட்சத்திரம் காட்டியா இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்? எழுத்துப் பரீட்சையில் நான்தான் முதல். என் நோட்டில் ஒட்டிய நட்சத்திரங்களை நான் பிய்க்கவில்லை. காகிதம் கிழியும் என்பதால்.

சென்ற வெள்ளிக்கிழமை பரமபதம். பக்கத்து வீட்டு ஜயம்மா தன் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து விரித்தாள். தாயக்கட்டை உருட்டி, சரியாகப் பேசினால் ஏணி, பிசகினால் பாம்பு. கடைசிக் கட்டத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, அதில் உள்ளதை நடித்துப் பேசினால்தான் வைகுண்டம். ஜயம்மா ஹிந்தியில் கத்திரிக்காய் பேரம் பேசிக் கரையேறினாள். எனக்கு வந்த சீட்டில், மருமகள் முதல் முறையாக வாசலில் நிற்கிறாள், உள்ளே கூப்பிடவும் என்று இருந்தது. ஜயம்மா சுலோசனாவிடம் நம் வீட்டு விஷயம் ஏதாவது சொல்லியிருப்பாள். கேட்டால், சத்தியமாக இல்லை என்கிறாள்.

மருமகளாக, கூடப் படிக்கும் தேவம்மா நடித்தாள். வயது ஐம்பதுக்கு மேல், நல்ல கனம். முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்கு வாக்கியம் தெரியும், பராசரா. வாய்தான் திறக்கவில்லை. மற்றவர்கள் காயெல்லாம் சேர்ந்துவிட்டது, என்னுடையது மட்டும் நின்றது.

நேரமாகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சுலோசனா படத்தைச் சுருட்டப் போனாள். ஜயம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு வழக்கம், விரித்த பரமபதத்தை எல்லோர் காயும் வைகுண்டம் சேராமல் சுருட்டக் கூடாது. ஒரு காய் நடுவழியில் நின்றாலும் ஆட்டத்திலிருந்து யாரும் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான், பாதிப் பேருக்கு மேல் ஐயங்கார் வீட்டுப் பெண்கள், ஒருத்தியும் அசையவில்லை. விளக்கேற்றும் நேரம் வந்தது. ஜயம்மா என்னைப் பார்த்து, வைதேஹி, எங்காத்துக்காரர் காபிக்கு உட்கார்ந்திண்டிருப்பார், ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்றாள். சுலோசனா, அம்மாவ்ரே, தப்பா சொன்னாலும் ஏணிதான் என்று கெஞ்சினாள். வாசலிலிருந்து தேவம்மா, மாமி, நீங்க கூப்பிடறதுக்குள்ள எனக்கே மருமக வந்துடுவா, கால் கடுக்குது என்று முக்காட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

நான் எழுந்து நின்றேன். “ஆவோ பேட்டீ, யஹ் தும்ஹாரா கர் ஹை” என்றேன். வாம்மா, இது உன் வீடு என்று அர்த்தம். உனக்குத் தெரியும். தேவம்மா வந்து என் காலைத் தொட்டாள். அது சீட்டில் இல்லை. அவள் கால் கடுப்பில் குனிந்தாளா, எனக்காகக் குனிந்தாளா, தெரியவில்லை. நான் அவள் தலையில் கை வைத்தேன். பிறகு எல்லோரும் அடுப்பைப் பார்க்க ஓடினார்கள்.

தசராவுக்கு ரேணுவை அழைத்து வா. பயப்பட வேண்டாம் என்று நீ சொல். எனக்கு அதற்கு இன்னும் ஹிந்தி வராது. நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். வாசலில் நின்று சொல்லத்தான் பழகியிருக்கிறேன். அவளை முன்னால் விட்டு, நீ பெட்டிகளோடு பின்னால் வா. நான் சற்றுத் தாமதித்தாலும் குறுக்கே பேசாதே. அவளையும் கொஞ்சம் நிற்கச் சொல்.

இருவருக்கும் என் ஆசிகள்.

அம்மா
வைதேஹி