யாரிடம் கேட்பது

ஐயா,

இன்று காலை பழங்காநத்தத்தில் மீன்கடை வழியாக வந்தேன். வண்டியிலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஒரு துண்டு ரோட்டோரம் கிடந்து கரைந்தது. அதன் நடுவில் லேசான நீலம். அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

உங்களை முதலில் பார்த்தது மதுரை விமான நிலையத்தில். மிஷன் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என்னை மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். பிரான்சில் பெரிய பிரபு குடும்பம், கடற்பாசிகளை ஆராய்கிற விஞ்ஞானி, பரம்பரை நிலங்களை விற்றுத் தென்துருவக் கடலுக்குக் கப்பல் அனுப்புகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீங்களோ கசங்கிய சட்டையோடு, சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு, கைத்தடி ஊன்றி வந்தீர்கள்.

காரில் அலங்காநல்லூருக்குப் புறப்பட்டோம். ஊர் நெருங்கியதும், "நான் சொல்வதை மென்மையாக்காமல் சொல்லுங்கள்" என்றீர்கள்.

முத்துப்பாண்டி உங்கள் கப்பலில் இருந்த இளம் ஆராய்ச்சியாளன். பனிப்பாறைகளுக்கு நடுவே கடல்நீர் எடுக்கப் போன சிறு படகு கவிழ்ந்து இறந்துபோனான். உடல் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனில் தகவல் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவன் அம்மா ராக்கம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தீர்கள்.

அவர் உங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நீங்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினீர்கள்.

"உங்கள் மகனை அனுப்பியவன் நான்தான்" என்றீர்கள். அப்படியே சொன்னேன்.

"ஆசப்பட்டுத்தான்யா போனான். கெணத்துல எறங்குனா ஏற மாட்டான். தண்ணி மேல அம்புட்டு ஆச" என்றார். பிறகு, "அந்த எடம் எப்படிய்யா இருக்கும்? நீங்க பாத்திருக்கீகளா?" என்று கேட்டார்.

நீங்கள் போனதே இல்லை. கடல் பயணம் உங்கள் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்கள் தடுத்திருந்தார்கள். இல்லை என்று தலையாட்டினீர்கள்.

"அப்ப நான் யாருகிட்டய்யா கேக்க?"

அதையும் மென்மையாக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். திரும்பும் வழியில், திருப்பரங்குன்றம் மலை தெரிந்த இடத்தில், "அடுத்த கப்பலில் நான் போகிறேன்" என்றீர்கள். உடம்பு தாங்குமா என்றேன். "அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை."

போனீர்கள். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தீர்கள். இருமல் விடவில்லை. ராக்கம்மா வீட்டில் நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் தமிழில் பேசினீர்கள். "அம்மா, பாத்துட்டு வந்தேன்." அந்த ஒரு வரியைக் கப்பலில் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்.

"சொல்லுங்கய்யா" என்றார்.

மற்றதை நான் மொழிபெயர்த்தேன். விடியும்போது கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும், வெயில் பட்டால் பனியின் உள்ளே நீலம் தெரியும் என்றீர்கள். படகு கவிழ்ந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னதையும், எல்லோரும் மேல்தளத்தில் நின்றதையும், கப்பலுக்கு மேலே பறவைகள் சுற்றிக்கொண்டே இருந்ததையும் சொன்னீர்கள்.

"ரொம்பக் குளிருமோ?"

"ரொம்ப."

"அவனுக்கு வெக்கையே ஆகாதுய்யா. ஃபேனுக்குக் கீழதான் கெடப்பான்" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நீங்களும் அழுதீர்கள். நான் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

மழைக்காலம் முடியும் முன்பே உங்கள் தங்கை போன் செய்தார். நுரையீரல் கெட்டுப்போய் உயிர் பிரிந்துவிட்டது, கடைசிவரை அந்தப் பயணத்துக்காக நீங்கள் வருந்தவில்லை என்றார். கப்பல் இப்போது ஏதோ ஒரு துறைமுகத்தில் சும்மா நிற்கிறதாம்.

அலங்காநல்லூருக்குப் போய்ச் சொன்னேன். "அவன் கெடக்குற எடத்தப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்ன ஒரே ஆளு அவுகதான்" என்றார் ராக்கம்மா. அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.

ராமேஸ்வரத்துக்கு அப்பால் நான் கடல் பார்த்ததில்லை ஐயா. ஆனாலும் அலங்காநல்லூர் போகும்போதெல்லாம் ராக்கம்மா கேட்கிறார், நீங்கள் சொன்னதைச் சொல்கிறேன். போன வாரம் அவசரத்தில் சுருக்கிவிட்டேன்.

"டீச்சர், கப்பலுக்கு மேல பறவ சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னாகள்ல, அத விட்டுட்டீகளே" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.